முறம் அவள் கையில், திட்டம் யார் கையில்?

கவிதை வாசிக்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ்: "மனித–வனவிலங்கு மோதல் மேலாண்மை: கருத்துக் கேட்புக் கூட்டம்". மேடையில் ஒன்பது நாற்காலிகள். ஒன்பதிலும் ஆண்கள். குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவத்தி எடுத்துக் கொடுத்த கல்லூரிப் பெண்ணையும், தொடக்கத்தில் காட்டைப் பற்றி ஒரு கவிதை வாசிக்க வேண்டிய என்னையும் விட்டால் மேடைப் பக்கம் பெண்கள் யாரும் இல்லை. கீழே, கடைசி நான்கு வரிசைகளில், எஸ்டேட் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குச் சம்பளம் உண்டு என்று சொல்லி வேனில் அழைத்து வந்திருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் படம் போட்டுப் பேசினார்கள். டிரோன், தானியங்கி கேமரா, ரேடியோ காலர், கும்கி, கூண்டு, மயக்க ஊசி. "கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றதும் ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா எழுந்து நின்றார். "சார், எங்க லைன்ல கக்கூசுக்குப் போற வழியில லைட்டு இல்லீங்க. அதப் போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார். மண்டபம் சிரித்தது. மேடையிலிருந்த அதிகாரி கையைக் காட்டிச் சிரிப்பை அடக்கிவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, அது வேற டிபார்ட்மெண்ட். இங்க நாம வனவிலங்கு பத்திப் பேசிட்டு இருக்கோம்."

அந்த அக்காவும் வனவிலங்கு பற்றித்தான் பேசினார். அன்று அந்த மண்டபத்தில் வனவிலங்கோடு தினமும் வாழ்கிறவராக எழுந்து பேசியவர் அவர் ஒருவர்தான். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு நான் எழுதும் பதில்.

*

நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அந்தக் கூலியில்தான் நான் முனைவர் பட்டம் வரைக்கும் படித்தேன். எட்டு வீடுகள் ஒரு வரிசை. கழிப்பறை வரிசைக்குப் பின்னால், சரிவில், ஐம்பதடி தள்ளி இருந்தது. அதற்குக் கதவு இருந்த நாள்களைவிட இல்லாத நாள்கள் அதிகம். அதற்கும் பின்னால் தேயிலை. தேயிலைக்குப் பின்னால் சோலைக்காடு.

எங்கள் வீட்டில் மீறவே கூடாத சட்டம் ஒன்று இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக் கூடாது. தம்பிக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவன் வாசலோரம் நின்று போய்விட்டு வந்து படுத்துக்கொள்வான். அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் கடைசி வீட்டுப் பெரியம்மாவும் விடிகாலை நான்கரைக்கு ஒரே டார்ச்சில் சேர்ந்து போவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே நின்று தட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வராத மாதம் இல்லை. நாற்பது வயதுக்குள் இரண்டு முறை சிறுநீரகத்தில் கல். "தண்ணி நெறைய குடிங்க" என்பார் டாக்டர். அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

சென்ற ஆண்டு என்னிடம் முதுகலை படிக்க வந்த மாணவி ஒருத்தி, அவளும் வால்பாறைக்காரி, விடுதிக்கு வந்து முதல் மாதம் முழுக்க இரவில் தண்ணீரே குடிக்கவில்லை என்று அவளுடைய அறைத்தோழி சொன்னாள். கூப்பிட்டுக் கேட்டேன். "பழக்கமாயிடுச்சு மேம். வீட்டுல ஆறு மணிக்கு மேல குடிக்க விடமாட்டாங்க." எங்கள் இருவருக்கும் நடுவே ஏறத்தாழ இருபத்தைந்து வருட வயது வித்தியாசம். அம்மாவின் சட்டம் ஒரு திருத்தமும் இல்லாமல் அமலில் இருக்கிறது.

அம்மாவை எந்த யானையும் மிதித்ததில்லை. எந்தச் சிறுத்தையும் தொட்டதில்லை. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது. ஆனால் அவர் சிறுநீரகத்தில் முப்பது வருடம் நடந்ததும் இதே மோதல்தான். அதை அளக்கத் தெரியாத ஒன்றுக்கு மேலாண்மை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மேலாண்மை. "ஆள்" என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் இது, ஆண்பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வகுப்பில் நானே மாணவிகளைத் திருத்தியிருக்கிறேன். அன்று அந்த ஒன்பது நாற்காலிகளையும் பார்த்தபோது, இனி திருத்துவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று தோன்றியது.

*

யானை தாக்கி மட்டும் இந்தியாவில் ஓராண்டில் 500 பேருக்கு மேல் இறப்பதாக அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகள் சொல்கின்றன. அட்டவணை மாநிலவாரியாக இருக்கும், ஆண்டுவாரியாக இருக்கும். செத்தவர்களில் எத்தனை பேர் பெண்கள், சாகும்போது அவர்கள் என்ன வேலையில் இருந்தார்கள் என்று சொல்லும் பத்தியை நான் பார்த்த எந்த அட்டவணையிலும் கண்டதில்லை. அந்தப் பத்தி இருந்தால் இது வேறொரு பிரச்சினையாகத் தெரிந்திருக்கும்.

2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களின் குழந்தை. 2025 ஜூனில் வால்பாறையில் இன்னொரு தோட்டத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை. அந்தப் பெற்றோரும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களே. 2025 ஜனவரியில், எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு மானந்தவாடி அருகே, காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஆதிவாசிப் பெண்ணைப் புலி கொன்றது. அவர் கணவர் வனத்துறையின் தற்காலிகக் காவலர். காட்டைக் காக்கும் வேலைக்குப் போனவரின் வீட்டுக்கு அந்த வேலை கொடுத்த கூலி போதவில்லை, மனைவி காப்பித் தோட்டத்துக்குப் போனார் என்றுதான் நான் அந்தச் செய்தியை வாசித்தேன்.

குழந்தைகள் இறந்த செய்தி வந்த நாள்களில் பேருந்திலும் டீக்கடையிலும் என் கல்லூரி ஓய்வறையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "அந்த அம்மா எங்க போயிருந்தா?" அப்பா எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைக் காப்பகம் எங்கே போயிருந்தது என்றும் கேட்கவில்லை. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும், குடியிருப்பும் கழிப்பறையும் குடிநீரும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதியது. அந்தச் சட்டம் உண்மையாக நடந்திருந்தால் அதுதான் இந்த மலைகளின் முதல் வனவிலங்கு மேலாண்மைத் திட்டமாக இருந்திருக்கும். அதை வனவிலங்குச் சட்டம் என்று யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் அதில் விலங்கின் பெயர் இல்லை. பெண்ணின் பெயரும் பிள்ளையின் பெயரும்தான் இருந்தன.

"மோதல்" என்ற சொல்லையும் எனக்குப் பிடிக்கவில்லை. மோதுவதற்கு இரண்டு பக்கமும் கிளம்பி வர வேண்டும். கொழுந்துக் கூடையோடு குனிந்திருப்பவளும், ஒற்றையடிப் பாதையில் குடத்தோடு வருபவளும், இருட்டில் உட்கார்ந்திருப்பவளும் யாரோடும் மோதப் போகவில்லை. சிறுத்தை பொதுவாக நிமிர்ந்து நிற்கும் ஆளை விட்டு விலகிப் போகும் பிராணி. குனிந்த உருவமும் குட்டையான உருவமும்தான் அதை ஏமாற்றுகின்றன. தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பது யார், அவர் பக்கத்தில் குட்டையாக நிற்பது யார் என்று பார்த்தால் இந்த விபத்துகளில் எவ்வளவு விபத்து, எவ்வளவு ஏற்பாடு என்பது விளங்கும்.

அந்த ஏற்பாட்டுக்கு வரலாறும் உண்டு. வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைகள் சோலையை வெட்டிக் காப்பியும் பிறகு தேயிலையும் வைத்தார்கள். கங்காணிகள் சமவெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். லைன் வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் துரை தீர்மானித்தான். யானை எந்த வழியாக ஆற்றுக்குப் போகும் என்று அவன் கேட்கவில்லை. கூடலூர் பக்கம் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க அரசே தேயிலை வைத்தது. இங்கே வந்த எந்தப் பெண்ணும் "காட்டை ஆக்கிரமிக்கலாம்" என்று கிளம்பி வந்தவள் இல்லை. முதலில் எங்கள் பாட்டிகளைக் கொண்டுவந்தார்கள். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் அவர்களுடைய பேத்தி வயதுப் பெண்களைக் கொண்டுவருகிறார்கள். வீடு அதே வீடு. கழிப்பறை அதே சரிவு. நான் பார்த்த எச்சரிக்கைப் பலகைகள் தமிழில் இருக்கின்றன, வாசிக்க வேண்டியவளுக்குத் தமிழ் தெரியாது.

*

இந்த இடத்தில் என் துறையையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். குறிஞ்சித் திணையை இருபது வருடமாக நடத்துகிறேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கிறார்கள். பரணில் இருந்து கிளி ஓட்டுகிறார்கள். அதற்குத் தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் வைத்திருக்கிறார்கள். காட்டோரத்தில் பயிரைக் காப்பது பெண்ணின் வேலை என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தமிழில் பதிவாகியிருக்கிறது. ஆனால் நாம் அதை வேலையாக வாசிப்பதே இல்லை. தலைவனும் தலைவியும் சந்திப்பதற்கு ஓர் அழகான இடமாக வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

அப்புறம் யானை வரும். அவள் நடுங்குவாள். அவன் காப்பாற்றுவான். காதல் பிறக்கும். அகப்பொருள் மரபு இதற்குக் "களிறுதரு புணர்ச்சி" என்று பெயர் வைத்திருக்கிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. யானை தந்த காதலனுக்கு இலக்கணத்தில் துறை இருக்கிறது. யானை தந்த கைம்மைக்குத் துறை இல்லை. கூடலூரிலும் வால்பாறையிலும் எனக்குத் தெரிந்து அதுதான் அதிகம். தினை முற்றியதும் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிடுவார்கள், அதற்கும் இற்செறிப்பு என்று பெயர் உண்டு. காவல் வேலை முடிந்ததும் வீட்டுக் காவல். இன்றைக்கு "ஆறு மணிக்கு மேல் வெளியே வராதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போகும் ஜீப்பைப் பார்க்கும்போது எனக்கு இற்செறிப்புதான் ஞாபகம் வருகிறது.

மேடைத் தமிழில் இன்னொருத்தி இருக்கிறாள், முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சி. பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கித் தருபவள். 2018இல் வால்பாறையில் ஒரு தாய் தன் மகளைத் தாக்கிய சிறுத்தையை விறகுக் கட்டையால் விரட்டி மகளைக் காப்பாற்றினார். அரசு அவருக்கு வீர விருது கொடுத்தது. கொடுக்கத்தான் வேண்டும், அந்தத் தாயை நான் கும்பிடுகிறேன். ஆனால் விருது மேடையில் எழாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்கும் சிறுத்தைக்கும் நடுவில் விறகுக் கட்டையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் போனது யாருடைய பொறுப்பு? பெண்ணின் வீரத்தைக் கொண்டாடுகிற இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் தன் கடமையிலிருந்து நழுவிப் போயிருக்கிறார். முறத்தை அவள் கையில் கொடுத்துப் பாட்டுப் பாடுவது மலிவு. சுவரும் கதவும் விளக்கும்தான் செலவு பிடிக்கும்.

*

காட்டோரத்தைப் பற்றிப் பேச இன்று இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று "சுட்டுத் தள்ளு" கட்சி. இன்னொன்று "யானைக்கு இடம் கொடு, மனிதனை வெளியேற்று" கட்சி. இரண்டும் எதிரெதிர் என்று நினைக்கிறோம். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவரை இரண்டுக்கும் பிடித்தது ஒன்றே, தனியாக நிற்கும் ஒரு பெரிய ஆண்.

அரிக்கொம்பனை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு–முண்டந்துறையில் விட்டது. அந்த இரண்டு மாதமும் ஒரு பக்கம் அதற்கு ரசிகர் மன்றம், இன்னொரு பக்கம் அதை ஒழிக்கச் சொல்லிப் போராட்டம். அரிசிக்காக வீட்டை உடைக்கும் யானை என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அரிசி இருக்கும் இடம் அடுப்படி. அடுப்படிச் சுவர் இடிந்த மறுநாள் காலையில் மண்ணோடு கலந்த அரிசியைப் புடைத்தது யார், எந்த அடுப்பில் யார் சமைத்தார்கள், பிள்ளையை எதைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று இரண்டு கட்சியிலும் யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

யானைக் கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை. தண்ணீர் எங்கே, ஆபத்து எங்கே என்ற ஞாபகம் அவளிடம்தான் இருக்கிறது, கூட்டம் அவள் பின்னால் போகிறது. இதைப் படமாகப் போட்டு விளக்கிய அதிகாரிதான், லைனில் முப்பது வருடம் இருந்த பெண்மணி எழுந்து ஞாபகத்திலிருந்து பேசியபோது வேறு டிபார்ட்மெண்டுக்குப் போகச் சொன்னார்.

இதைச் சொல்லும்போது சில தோழிகளே என்னை ஒரு பொறிக்குள் தள்ளப் பார்ப்பார்கள். "ஆமாம், பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், அவளுக்குத்தான் காட்டின் மொழி தெரியும்" என்பார்கள். வேண்டாம். விறகுக்குப் போவது நெருக்கம் ஆகாது. அது கேஸ் சிலிண்டர் விலை. சுனைக்குப் போவது தியானம் ஆகாது. வீட்டில் குழாய் இல்லை. வறுமையை ஞானம் என்று அழைத்தால் வறுமையைத் தீர்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும். காட்டோரத்துப் பெண்ணுக்குக் காடு பற்றித் தெரிந்ததெல்லாம் பயத்தில் கற்றுக்கொண்டது. அந்த அறிவை மதியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பயத்தையும் போற்றிப் பாட வேண்டாம்.

*

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் யானைகளைப் பின்தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார்கள். அங்கே யானையால் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை, யானை அங்கே நிற்கிறது என்பது தெரியாமல் போனதால் நேர்ந்தவை என்று கண்டார்கள். மனிதர்களுக்கு யானை மேல் இருந்த பகையோ யானைக்கு மனிதர் மேல் இருந்த பகையோ காரணமில்லை, ஒரு தகவல் வந்து சேராததுதான் காரணம். ஆகவே தகவலைச் சேர்க்கத் தொடங்கினார்கள். உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, செல்போனுக்குக் குறுஞ்செய்தி, மேட்டில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை. ஊர்க்காரர்களே போன் மூலம் அந்த விளக்கைப் போட முடியும். இதன் பிறகு அங்கே யானையால் நேரும் சாவு குறைந்தது. இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

துப்பாக்கியும் கும்கியும் செய்யாததை ஒரு சிவப்பு விளக்கு செய்தது. அந்த அக்கா கேட்டதும் விளக்குதான்.

சிறுத்தை விஷயத்திலும் அப்படியே. மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தாக்குதல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது என்பதை வித்யா ஆத்ரேயா என்ற பெண் ஆய்வாளர் தன் ஆய்வில் காட்டினார். இடம் தெரியாத காட்டில் விடப்பட்ட பிராணி இன்னும் குழப்பத்தோடு அலைகிறது. கண்ணுக்குப் படாமல் ஊர் ஓரத்தில் வாழும் சிறுத்தையைவிட, கூண்டில் தூக்கிப்போய் விடப்பட்ட சிறுத்தை அபாயமாகலாம். ஆனாலும் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் முதலில் வருவது கூண்டு. கூண்டு புகைப்படத்தில் தெரியும். அரசு ஏதோ செய்கிறது என்று ஊருக்குக் காட்டும். குப்பையை அள்ளினால், நாய்ப் பெருக்கத்தைக் குறைத்தால், புதரை வெட்டினால், கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கட்டினால் யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள். வீட்டு வேலை மாதிரிதான் இதுவும். செய்தால் தெரியாது, செய்யாவிட்டால் சாவு.

இந்த நல்ல திட்டங்களைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. குறுஞ்செய்தி யாருடைய போனுக்கு வருகிறது? என் மாணவியின் வீட்டில் ஒரே போன். அது அப்பாவின் சட்டைப் பையில் டவுனுக்குப் போய்விடும். கொழுந்துக் காட்டில் நிற்கும் அம்மாவுக்கு, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்ற செய்தி மாலையில் அவர் வீடு வந்த பின் அப்பா சொல்லித்தான் தெரியும், அதுவும் அப்பா நிதானமாக வந்தால். இதனால்தான் எனக்குக் குறுஞ்செய்தியைவிட மேட்டில் எரியும் விளக்கைப் பிடிக்கிறது. அது யாருடைய பையிலும் இல்லை.

*

இழப்பீட்டைப் பற்றியும் பேசிவிடுகிறேன். வனவிலங்கு தாக்கி இறந்தால் இன்று பத்து லட்ச ரூபாய். உயர்த்தியது நல்லது. ஆனால் அந்தப் பணம் ஒரு பெண்ணின் கைக்கு வரும் பாதையை யாராவது நடந்து பார்த்திருக்கிறார்களா? பிரேதப் பரிசோதனை அறிக்கை, காவல் நிலையப் பதிவு, வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு. தினக்கூலிக்காரிக்கு ஒவ்வொரு காகிதமும் ஒரு நாள் சம்பளம். காகிதம் முடிந்து பணம் வந்தால், வாசலில் மாமனாரும் கொழுந்தனும் நிற்பார்கள். அவளை "ராசி கெட்டவள்" என்று சொன்ன அதே வாய்கள்.

வங்காளத்துச் சுந்தரவனத்தில் கணவனைப் புலிக்குப் பறிகொடுத்தவளைக் கணவனைத் தின்றவள் என்றே திட்டுவார்கள். நண்டுக்கும் தேனுக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் காட்டுக்குள் போய் இறந்தவன் என்று சொல்லி அவளுக்கு இழப்பீடும் மறுக்கப்பட்டது. அந்த விதவைகள் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. புலி ஒருமுறை கொல்லும். ஊரும் அலுவலகமும் தவணை முறையில் கொல்லும்.

சாவுக்குத்தான் இந்தத் தொகை. இரவு முழுக்கப் பரணில் காவலிருந்து தொலைத்த தூக்கத்துக்கு இல்லை. பள்ளிக்குப் போகும் வழியில் யானை நடமாட்டம் என்று படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைக்கு இல்லை. வீடு இடிந்தாலும், லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். இடிந்த அடுப்படி அவளுடையது, சுவர் அவளுடையதில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதில் ஒரு கதவைத் திறந்தது. பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்க வேண்டும், வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமும் விதியும் சொல்கின்றன. அந்த ஒரு பங்கு பெண்கள் கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்களா, முடிவெடுக்க அழைக்கப்படுகிறார்களா என்பதை ஒவ்வொரு ஊரிலும் நாம் போய்ப் பார்க்க வேண்டும். லைன் வீட்டுத் தொழிலாளிக்கோ அந்தக் கதவும் இல்லை. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்துவிட்டு இறங்க வேண்டும். அம்மா இறங்கினார். இரண்டு தகரப் பெட்டிகளோடு.

ஆகவே என் கோரிக்கைகளில் காவியம் எதுவும் இல்லை. காட்டோரக் குடியிருப்புகளில் கழிப்பறையும் குழாயும் வீட்டுச் சுவருக்குள் வர வேண்டும். லைன் முழுக்க விளக்கு எரிய வேண்டும். பிள்ளைக் காப்பகம் பெயர்ப்பலகையாக இல்லாமல் ஆளோடும் வேலியோடும் நடக்க வேண்டும். கொழுந்து எடை போட்டு முடிப்பது இருட்டுவதற்கு முன் இருக்க வேண்டும். எச்சரிக்கை, வேலைக்கு வந்தவளின் மொழியில் வர வேண்டும். இழப்பீடு அவள் கணக்குக்கு வர வேண்டும், அதற்கான காகிதங்களை அலுவலகம்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சாவுக் கணக்கில் பால் பத்தியும் வேலைப் பத்தியும் சேர வேண்டும். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அந்த ஒன்பது நாற்காலிகளில் ஐந்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார வேண்டும். வனத்துறை, மின்வாரியம், உள்ளாட்சி, தொழிலாளர் துறை நான்கும் ஒரே மேசைக்கு வராமல் "வேற டிபார்ட்மெண்ட்" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டும் வரை, அந்த இடைவெளியில்தான் சிறுத்தை படுத்திருக்கும்.

இதில் எதுவும் விலங்குக்கு எதிரானதில்லை. வீட்டுக்குள் கழிப்பறை இருந்தால் சிறுத்தையும் பிழைக்கும். அவள் சாகாவிட்டால் அதற்கும் கூண்டு இல்லை.

அன்று நான் கவிதை வாசிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். மணி நாலரை. வேன் மலையேற இரண்டு மணி நேரம் ஆகும். அந்த அக்கா பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் பக்கத்திலிருந்த பையனிடம் நீட்டினார். "குடிக்கலியாக்கா?" என்றேன். "வேணாங் கண்ணு, ஊருக்குப் போறதுக்குள்ள இருட்டிரும்" என்றார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் இரவு எட்டு மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பயமில்லாமல் படுக்க வேண்டும். அது நடக்கும் நாளில், மனித–வனவிலங்கு மோதல் மேலாண்மை என்று ஒன்று இந்த மலையில் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.